மாத்திரைக்காக மலையேறும் நாள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மனச்சிதைவு உள்ளிட்ட கடும் மனப்பிறழ்வு நோயுற்றோரில், உயர் வருவாய் நாடுகளில் 70 சதவீதத்தினர் சிகிச்சை பெறுகையில், குறைந்த வருவாய் நாடுகளில் 12 சதவீதத்தினரே பெறுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இந்த இடைவெளியைக் காண வெளிநாடு போக வேண்டியதில்லை. பந்தலூர்ப் பக்கம் வந்தாலே போதும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், மனநோயுற்ற மகனின் மாத்திரைக்காக மாதம் ஒரு நாள் கூலியை விட்டு, விடியற்காலைப் பேருந்தில் அவனைச் சன்னலோரம் உட்காரவைத்து, கூடலூரில் வண்டி மாறி மருத்துவமனைக்கு மலையேறுகிறார். சென்ற மாதம் மருத்துவர் முகாமுக்குப் போயிருந்ததால், பழைய சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வெறுங்கையோடு திரும்பினார். பத்தாம் நாளே பையன் உறக்கமின்றி வாசலில் நடக்கத் தொடங்கிவிட்டான்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, மனநோயாளி எவரும் சிகிச்சைக்காக நெடுந்தொலைவு பயணிக்க நேரக் கூடாது என்கிறது. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் ஆலோசனை கிடைப்பது நல்லதுதான், மழைக்காலத்தில் இங்கே சிக்னல் இருந்தால். ஆனால் தொலைபேசி வழியே மாத்திரை வராது. மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாதந்தோறும் வழங்கவும், மருத்துவர் இல்லாத நாளை முன்கூட்டியே அறிவிக்கவும் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பந்தலூர், நீலகிரி.