தந்தை செல்வாவின் சட்டத்தரணி முகம்

ஆசிரியருக்கு,

தந்தை செல்வா என்று போற்றப்படும் இலங்கைத் தமிழர் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் நினைவு நாளையொட்டித் தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரை, அவருடைய சட்டத்தரணித் தொழிலை ஒரே வரியில் கடந்து சென்றது வருத்தமளிக்கிறது. 1947 இல் நாடாளுமன்றம் செல்லும் முன்பே சிவில் வழக்குகளில் பெயர் பெற்றவர் அவர். அந்தப் பயிற்சிதான் அவருடைய அரசியலையும் வழிநடத்தியது என்பது என் உறுதியான கருத்து. 1972 அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்பதை மேடையில் முழங்கியதோடு அவர் நிற்கவில்லை. காங்கேசன்துறைத் தொகுதியைத் துறந்து, மக்களின் வாக்கையே சான்றாகக் கேட்டார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் இழுத்தடிக்கப்பட்ட இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி 6 இல் நடந்தபோது, 16 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளால் வென்றார்.

அந்தத் தேர்தலின்போது நான் பள்ளி மாணவன். அவர் பேசிய கூட்டத்தில், ஒலிவாங்கியை வாயருகே பிடித்தும் அவர் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை. நோய் அவ்வளவு வாட்டியிருந்தது. ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. முன்னால் இருந்தவர்கள் கேட்டதைப் பின்னால் இருந்தவர்களுக்கு மெல்லச் சொன்னார்கள்.

அவருடைய நாடாளுமன்ற உரைகளைத் தமிழில் பெயர்த்து, ஹன்சாட் எனப்படும் நாடாளுமன்ற உரைப் பதிவேட்டின் திகதிகளோடு தாங்கள் வாரந்தோறும் வெளியிட்டால் சட்டம் பயிலும் இளையோருக்குப் பேருதவியாகும்.

வாசகர் ஒருவர்,
தெல்லிப்பழை