‘வரல’ என்கிற தம்பி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மனச்சிதைவு நோய் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். காதில் குரல் கேட்பது, சந்தேகம், மருந்தை நிறுத்தினால் வரும் வினை எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் மட்டும், நோயாளியும் கொஞ்சம் மனது வைக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். 19 வருஷமாகத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா நான். அந்த ‘மனது வைப்பது’ பற்றித்தான் இந்தக் கடிதம்.

அவனுக்கு 22 வயதில் வந்தது. மருந்து ஒத்துக்கொண்டு, குரல்கள் அடங்கி வெகு நாளாகிறது. ஆனால் காலையில் கட்டில், மதியம் சோறு, மறுபடி கட்டில். “தடிமாடு மாதிரி படுத்திருக்கான்” என்பார் அப்பா. நானும் சொல்லியிருக்கிறேன்.

போன தை மாதம் திருவையாற்றில் சித்தி மகள் கல்யாணம். “வர்றியாடா?” “வரல.” அன்றைக்குக் கோபப்படாமல் வேறு மாதிரி கேட்டேன்: போனா அங்க என்னல்லாம் நடக்கும், சொல்லு. ரொம்ப நேரம் யோசித்து, “எல்லாரும் இருப்பாங்க” என்றான். அப்புறம்? “அவ்வளவுதாங்க்கா.” எனக்கோ வாசலில் தெளிக்கிற பன்னீரிலிருந்து, பந்தியில் சித்தப்பா யாரிடம் சண்டை பிடிப்பார் என்பது வரை அப்போதே கண்முன் ஓடிக்கொண்டிருந்தது. கட்டாயப்படுத்தித்தான் கூட்டிப் போனேன். இலையில் வைத்த அசோகா அல்வாவை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பெரியப்பா மகனோடு பழைய கிரிக்கெட் கதை பேசிச் சிரித்தான். திரும்பும்போது பஸ்ஸில், “நல்லாருந்துச்சுக்கா” என்றான். பங்குனியில் அடுத்த பத்திரிகை வந்தது. “வரல.”

பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் டேவிட் கார்ட், ஆன் கிரிங் முதலானோர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதையேதான் சொல்கிறது. ஒரு காரியத்தில் இருக்கும்போது மனச்சிதைவு உள்ளவர்கள் படுகிற சந்தோஷம் மற்றவர்களுக்குக் குறைந்ததில்லையாம்; வரப்போவதை நினைத்து முன்கூட்டியே படுகிற சந்தோஷம்தான் குறைவு. பெல்ஜியத்தைச் சேர்ந்த தார்ஜாம்போ குழுவினர் 2008-ல், நடந்ததையும் இனி நடக்கக்கூடியதையும் விவரிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டிலுமே சிரமம், வரப்போவதில் இன்னும் அதிகம். நாளையை மனதில் பார்க்க, பழைய ஞாபகங்களைத்தானே பிரித்துக் கோக்க வேண்டியிருக்கிறது! அப்புறம் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் நான் பார்ப்பதற்கு இது அப்படியே பொருந்துகிறது. ருசி தெரிகிற ஆள்தான். அந்த ருசி முந்தின நாளே வந்து அவனைக் கட்டிலிலிருந்து எழுப்புவதில்லை.

மருந்துகள் குரலை அடக்குகிற அளவுக்கு இந்த மந்தத்தை அசைப்பதில்லை. சில பேருக்கு மருந்தின் தூக்கக் கலக்கமும் சேர்ந்துகொள்ளும் (அதற்காக மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடக் கூடாது). 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் உண்டு. ஆனால் சான்றிதழுக்காகப் போன இடத்தில் ஒருவர் தம்பியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கார், வேலைக்கு அனுப்புங்க” என்றார். குரல் கேட்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாளைக்கு என்ன செய்வதாக இருக்கிறாய், அதை எப்படி நினைத்துப் பார்க்கிறாய் என்று இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. அடுத்த தடவை எழுதும்போது உங்கள் கட்டுரையாளராவது மருத்துவர்களிடம் இதைக் கேட்டு எழுதட்டும்.

“வர்றியா” என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். நாலு நாள் முன்னாலிருந்தே பழைய கல்யாண போட்டோக்களை போனில் காட்டி, எந்த பஸ், எங்கே இறங்குவோம், முதலில் யாரைப் பார்ப்போம் என்று பேச்சுக் கொடுக்கிறேன். மூன்று தடவைக்கு ஒரு தடவை கிளம்புகிறான். வைத்தியம் என்று சொல்ல மாட்டேன்.

இந்த ஆவணியில் இன்னொரு கல்யாணம். கட்டம் போட்ட சட்டையா, நீலமா என்றேன். “நீலம்” என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே, “அதுல ஒரு பட்டன் இல்லக்கா” என்றான். தைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.