அப்பாவின் பதிலை வெட்டாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நம் ஊர் எண்ணெய்க் கிணறுகளைப் பற்றிய உன் 18 நிமிடக் குறும்படத்தை நேற்றிரவு அப்பாவோடு அமர்ந்து பார்த்தேன். முடிந்ததும் அவர் ஒன்றும் சொல்லாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார். விடிந்த பிறகு அம்மாவிடம் மட்டும், "என்னை ஊரக் காட்டிக் கொடுத்தவனா ஆக்கிட்டா" என்றாராம். திருவாரூரில் திரையிட்ட நாள் முதல் ஊரே இதைப் பேசுவதால், அவருடைய சம்மதத்தோடு இக்கடிதத்தை வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

படத்தின் வாதத்தில் எனக்கு மறுப்பில்லை. எண்ணெய்க் கிணற்றில் எரியும் தீ, நாற்றங்கால் தண்ணீரில் சிவந்து அசையும் முதல் ஷாட்டை இந்த மண்ணில் பிறந்தவர்களால்தான் எடுக்க முடியும். நிலத்தடியிலிருந்து எடுத்து எரிப்பது கடலைச் சூடாக்குகிறது, சூடான கடல் புயலுக்கு வலுவூட்டுகிறது என்று சொல்லிவிட்டு, 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்புகளைக் காட்டியதும் பொருத்தமே. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத் தடுத்தாலும் ஏற்கெனவே இயங்கியவற்றை விட்டுவைத்தது என்பதை நம் ஊரில் பலரும் உன் படத்தில்தான் அறிந்தார்கள்.

எனக்கு உறுத்துவது 11-ஆம் நிமிடம். "ஏம்ப்பா நிலத்தக் குடுத்தீங்க?" என்று நீ கேட்கிறாய், அப்பா தலை குனிகிறார், உடனே எண்ணெய்க் குழாயின் காட்சி வருகிறது. அன்று மைக்கைப் பிடித்திருந்தவன் நான். அவர் குனிந்தது பதில் இல்லாததால் அன்று, அது எந்த ஆண்டு என்பதை நினைவுக்குக் கொண்டுவரத்தான். பிறகு ஏறத்தாழ மூன்று நிமிடம் பேசினார். 2012-இல், ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை செப்டம்பரில்தான் திறந்ததையும், குறுவை இல்லாமல் போனதையும், கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் சம்பாவும் பதரானதையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, "வருஷ வாடகை மேட்டூரப் பாத்துக் காத்துக் கெடக்காதும்மா" என்றார். குழாய் கசிந்து வடக்கு வயல் கருகிய பின்தான் செய்த தவறு புரிந்தது என்றும் அவரே ஒப்புக்கொண்டார். முதல் வாடகையில் அம்மாவின் சங்கிலியை மீட்டார், அடுத்ததில் உன் விடுதிக் கட்டணத்தைக் கட்டினார். இரண்டாவதை அவர் கேமரா முன் சொல்லவில்லை; நான் சொல்கிறேன்.

தண்ணீர் வராத ஆண்டுதான் கடைமடை விவசாயியை எண்ணெய்க் கிணற்றிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே எடுத்து எரிப்பது மழையை மேலும் நம்ப முடியாததாக்குகிறது. உன் படம் இந்தச் சுழலைச் சொல்ல வேண்டும். அந்த மூன்று நிமிடம் இல்லாததால் படத்தில் ஒரே ஒரு குற்றவாளிதான் மிஞ்சுகிறார். அவரும் இரண்டு ஏக்கர்க்காரர்.

ஒலிக்கோப்பு என் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. படத்தின் நீளம் கூடும் என்று தயங்கினால், கல்லணையின் ட்ரோன் காட்சிகளை எடுத்துவிடு. அழகாக இருந்தாலும் அவை உன் கதைக்குத் தேவையில்லை. அடுத்த விழாவுக்கு அனுப்பும் முன், புதிய தொகுப்பை அப்பாவுக்கு நீயே நேரில் வந்து காட்டு.

இன்று மதியம் சாப்பிடும்போது, "அந்தத் தீய எங்க நின்னு எடுத்தா, நம்ம களத்து மேட்டுலேருந்தா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லவில்லை. நீ வந்து சொல்.

அன்புடன்,
அண்ணன்