குக்கர் விசிலும் இரண்டு சின்சில்லாக்களும்

அன்புள்ள யாழினிக்கு,

நீ ஜெர்மனிக்குப் போய் இன்றோடு ஏழு வாரம். உன் ஆய்வகத்திலிருந்து நம் வீட்டுக்கு வந்த இரண்டு சின்சில்லாக்களை, அந்தப் புசுபுசு முடிக்கார எலி இனத்துப் பிராணிகளைப் பற்றி, போன் செய்யும்போதெல்லாம் "கைக்கு வருகின்றனவா அம்மா?" என்று கேட்கிறாய். வரவில்லை. ஆனால் போனில் கேட்கத் தயங்கிய ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

காதுத் தகட்டில் இருந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வெளிர்நிறத்துக்குக் கம்பு என்றும், கொஞ்சம் கறுத்ததற்கு எள் என்றும் பெயர் வைத்துவிட்டேன். உன் அப்பாவுக்கு இரண்டுமே மூஞ்சூறுதான். ஆனால் 1923இல் சாப்மன் என்ற சுரங்கப் பொறியாளர் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்த 11 சின்சில்லாக்களின் கதையை, வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அவரிடம் கேட்காமல் தப்ப முடியாது.

முதல் வாரமே ஒரு தப்பு செய்தேன். கூண்டைச் சுத்தம் செய்யும்போது மேலிருந்து கையை விட்டுக் கம்பைப் பிடித்தேன். அது நழுவி ஓடிவிட்டது. என் கையில் ஒரு பிடி முடி மட்டும் மிச்சம், பஞ்சு போல. அழுகை வந்துவிட்டது. நரியோ ஆந்தையோ பிடித்தால் முடியை விட்டுவிட்டு உயிரைக் காத்துக்கொள்ளும் வழி இது என்றார் மருத்துவர். அந்த இடத்தில் முடி முளைக்க மாதக்கணக்கில் ஆகுமாம். நான் நரியாகிவிட்டேன், பார். அதற்குப் பிறகு பிடிப்பதே இல்லை. இரவு எட்டு மணிக்குக் கூண்டுத் தரையில் உள்ளங்கையை விரித்து வைத்துவிட்டு, இன்னொரு கையில் வார இதழோடு உட்கார்ந்துவிடுவேன். அவற்றைப் பார்ப்பதுகூடக் கிடையாது.

மூன்றடுக்குக் கூண்டு வாங்கினோமே, இரண்டு வாரம் மேலே ஏறவே இல்லை. குட்டையான பெட்டியிலேயே வளர்ந்தவற்றுக்கு உயரம் என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? அப்பா பலகையைக் கழற்றி ஒரு சாண் உயரத்தில் மாட்டினார். பத்தொன்பதாம் நாள் கம்பு தாவி ஏறியது. ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அரைமணி நேரம் அங்கேயே நின்றது.

தீவனத்தைச் சட்டென்று மாற்றவில்லை. நீ கொடுத்துவிட்டுப் போன பழைய தீவனத்தோடு புதியதைக் கலந்து, இரண்டு வாரத்தில் மாற்றினேன். திமோத்தி என்ற புல்லின் வைக்கோலை முதலில் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, இப்போது அதுதான் பிரதான உணவு. வெயில் 25 டிகிரியைத் தாண்டினாலே அவற்றுக்கு ஆபத்து என்பதால் நாள் முழுக்க ஏசி ஓடுகிறது. ஜூலையில் வந்த உன் அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனார்.

இனி அந்த விஷயம். ஒரு நாள் மதியம் பருப்புக்குக் குக்கர் வைத்தேன். முதல் விசிலுக்கே கம்பு குரைத்துக்கொண்டு மரவீட்டுக்குள் பாய்ந்தது. எள் அதே இடத்தில் உட்கார்ந்து வைக்கோலைக் கடித்துக்கொண்டிருந்தது. தைரியசாலி என்று நினைத்தேன். மறுநாள் மிக்சி ஓடியபோதும் அப்படியே. அதன் முதுகுப் பக்கம் நின்று கைதட்டினேன். அத்தனை பெரிய காது, ஒரு மடல்கூட அசையவில்லை.

மனிதருக்குக் கேட்கும் ஒலிகள் ஏறக்குறைய எல்லாம் அவற்றுக்கும் கேட்கும், அதனால்தான் காது ஆராய்ச்சிக்கு எடுக்கிறோம் என்று ஒருமுறை சொன்னாய். ஒலியை உணரும் உட்காது மயிர்செல்கள் பேரொலியில் செத்தால் நமக்கும் சரி அவற்றுக்கும் சரி மறுபடி முளைக்காது என்றும் சொன்னாய். எள்ளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று பயந்தாயா? கோபமில்லை, கண்ணு. வீட்டுக்கு வராமல்போனவற்றைப் பற்றியும் நான் கேட்கப் போவதில்லை.

அன்றிலிருந்து குக்கரை மூட்டை கட்டிவிட்டேன். பருப்பு பானையில் வேகிறது, நேரமானாலும் ருசி பரவாயில்லை. அது கம்புக்காக. எள்ளுக்காக, அறைக்குள் நுழைந்ததும் தரையை இரண்டு முறை காலால் தட்டுகிறேன். அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்க்கிறது. அதன் கண்ணில் நான் பட்ட பிறகுதான் கூண்டைத் திறக்கிறேன். நேற்று என் விரலைப் பல்லால் மெல்லப் பதம் பார்த்துவிட்டு, ஓடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. பல் நல்ல மஞ்சள், அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

இரண்டின் வயதையும் மருத்துவர் கேட்கிறார். பிறந்த தேதி உன் குறிப்பில் இருந்தால் எழுது. எள்ளுக்கு எந்தக் காதில் எவ்வளவு போயிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுது. நான் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

அன்புடன்,
அம்மா