பறித்த போனுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள்

யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஐந்து கல்வி வலயங்களிலும் பணியாற்றும் அதிபர்கள், ஆசிரியர்கள், வலயக் கல்விப் பணிமனை அலுவலர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் யாழ் நகரில் பதினேழு வருடமாகப் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மூத்தவள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். கற்பித்தலைப் பற்றி உங்களுக்கு நான் எதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் வகுப்பில் பறிக்கப்பட்ட போன்களில் பல கடைசியில் வந்து சேருவது என்னைப் போன்றவர்களின் மேசைக்குத்தான். அங்கே நான் காண்பதை நீங்கள் காண வாய்ப்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடம் நடக்கும்போது போனை நோண்டும் பிள்ளையிடமிருந்து அதை வாங்கி வைப்பது சரியான காரியம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பாடவேளையை ஓட்டுவதே பெரும்பாடு. அதற்குள் கடைசி வாங்கில் ஒருவன் கேம் விளையாடுவான், இன்னொருவன் ஆசிரியரையே களவாக வீடியோ எடுத்து ரிக்ரொக்கில் போடுவான். அப்படி ஒரு வீடியோ பரவியதால் என் உறவுக்கார ரீச்சர் ஒருவர் மனம் நொந்து இடமாற்றம் கேட்டுப் போனார். என் மகள் வகுப்பில் போன் எடுத்தாலும் பறியுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

என் மனக்குறை முழுவதும் பறித்த பிறகு நடப்பதைப் பற்றியது.

கடந்த சித்திரையில் ஒரு தாய் தன் மகனுடன் கடைக்கு வந்தார். கைலேஞ்சியில் சுற்றிய போனை எடுத்து மேசையில் வைத்தார். டிஸ்பிளே ஒரு பக்கம் சட்டத்தை விட்டு எழும்பி நின்றது. திறந்து பார்த்தேன், பற்றரி பூரி மாதிரி உப்பியிருந்தது. எவ்வளவு காலம் சார்ஜ் போடவில்லை என்று கேட்டேன். பெடியன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். தாய்தான் சொன்னார், கார்த்திகையில் பள்ளிக்கூடத்தில் பிடித்தது, நேற்றுத்தான் கைக்கு வந்தது என்று.

போன் பற்றரி லித்தியம் வகை. கிட்டத்தட்ட அரைவாசி சார்ஜில், நிற்பாட்டி, வெக்கை இல்லாத இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். ஓன் செய்தபடியே அலுமாரிக்குள் போட்டால் ஒன்றிரண்டு நாளில் சார்ஜ் முழுதாக இறங்கிவிடும். அதற்குப் பிறகும் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, ஒரு அளவுக்குக் கீழே போனதும் உள்ளே கெட்டுவிடும். பிறகு சார்ஜ் ஏறாது, சிலவேளை காற்றுப் பிடித்து வீங்கும். வீங்கிய பற்றரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கவும் கூடும். அதிபரின் அறையில், பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கைகளும் வரவுப் பதிவேடுகளும் இருக்கும் அதே அலுமாரியில் இப்படியான பத்துப் பதினைந்து போன்கள் குவிந்து கிடப்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தப் போன் மகனுடையதும் இல்லை. வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட் போன் அது, சிம் தாயின் பெயரில். சுவிஸில் இருக்கும் தம்பி எடுப்பது அந்த இலக்கத்துக்கு, வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருவதும் அதற்கே. மகனுடைய வகுப்பின் வட்ஸ்அப் குழுவும் அதில்தான் இருந்தது. நான்கு மாதத்துக்கு மேல் பாவிக்காமல் கிடந்ததால் வட்ஸ்அப் கணக்கும் அழிந்துபோயிருந்தது. 120 நாட்கள் தொடர்ந்து பாவிக்காத கணக்கை அவர்கள் பொதுவாக எடுத்துவிடுவார்கள். ரீலோட் போடாமல் விட்டால் சிம்மும் ஒருநாள் செத்துப்போகும். அந்த ஐந்து மாதமும் ரீச்சர் இரவில் அனுப்பும் வீட்டுவேலையை இந்தப் பெடியன் பக்கத்து வீட்டுக்குப் போய்த்தான் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான்.

தாய் மூன்று தரம் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். முதல்தரம் அதிபர் கூட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டாம்தரம் போனவேளை, பறித்த ஆசிரியர் மாற்றலாகிப் போயிருந்தார். மூன்றாம்தரம் அலுமாரித் திறப்பு வேறொருவரிடம். கடைசியில் திறந்தபோது உள்ளே கிடந்த பதினொரு போன்களில் எது யாருடையது என்று எழுதிய ஒரு தாளும் இல்லை. கண்ணாடியில் இருந்த வெடிப்பை வைத்து மகன்தான் அடையாளம் காட்டினானாம்.

"சேர் ஆக்களை நான் பிழை சொல்லேல்லை அண்ணை. எப்ப தருவினம் எண்டாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு இடத்தில் மட்டும் நடப்பதில்லை இது. பருவம் தப்பாமல் ஒவ்வொரு தவணை முடிவிலும் இப்படி இரண்டு மூன்று பேராவது என் கடைப் படி ஏறுகிறார்கள்.

என் கடையில் ஒருவர் போனைத் திருத்தத் தந்தால், கையில் வாங்கியவுடன் நான் எடுப்பது திருப்புளியை அல்ல, துண்டுப் புத்தகத்தை. பெயர், திகதி, போனின் வகை, ஏற்கெனவே உள்ள கீறல், சிம் உள்ளே இருக்கிறதா, எப்போது தருவேன் என்பதெல்லாம் எழுதி, கார்பன் பிரதியைக் கிழித்துக் கொடுப்பேன். பிறத்தியாரின் பொருள் நம் கையில் இருக்கும்வரை அதற்கு நாம்தான் பொறுப்பு. சைக்கிள் பார்க் பண்ணினால்கூடத் துண்டு தருகிற ஊர் இது. ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாய்ப் பொருளை ஒரு பிள்ளையிடமிருந்து வாங்கும்போது அந்தத் துண்டு ஏன் இல்லாமல் போகிறது?

இந்தப் போன்கள் வீடுகளுக்குள் எப்படி வந்தன என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடமெல்லாம் சூமிலும் வட்ஸ்அப்பிலும் என்றானது. அந்த நாட்களில் ஊரடங்கு தளர்ந்த நேரமெல்லாம் என் கடை வாசலில் பெற்றோர் நின்றார்கள். சங்கிலியை ஈடு வைத்துவிட்டு நேரே வந்தவர்களை எனக்குத் தெரியும். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன் எடுத்து, யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று அட்டையில் எழுதி ஒட்டியவர்களும் உண்டு. பிறகு 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது, போன் விலையும் கூடவே ஏறியது. உடைந்தால் புதிது வாங்க வழியில்லாமல் பழசையே மூன்று தரம் நான்கு தரம் திருத்திப் பாவிக்கிறார்கள். பள்ளிக்கூடம் கேட்டு வாங்கிய பொருள், சரி, அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவருவது தவறுதான். ஆனால் அது அலுமாரிக்குள் பழுதாகிக் கிடக்கும்போது அந்த வீட்டுக்கு என்ன நட்டம் என்று யோசிக்க வேண்டாமா?

இனி நான் சொல்லப்போவது இதைவிடப் பாரமானது. எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன்.

ஒரு பின்னேரம் ஓர் ஆசிரியர் வந்தார். கையில் இளஞ்சிவப்பு உறை போட்ட ஒரு போன்.

"தம்பி, இதின்ர லொக்கை ஒருக்கா எடுத்துத் தாரும்."

"ஆற்ற போன் சேர்?"

"பள்ளிக்கூடத்தில பிடிச்சது. உள்ளுக்க என்ன கிடக்கெண்டு பார்க்கோணும்."

நான் மறுத்துவிட்டேன். அவர் கெட்ட எண்ணத்தோடு வந்தார் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளை ஏதும் வம்பில் மாட்டியிருக்குமோ என்ற கவலையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது பதினைந்து, பதினாறு வயதுப் பெண் பிள்ளை ஒன்றின் போன். அதற்குள் தன் வீட்டுக்குள் எடுத்த படங்கள் இருக்கும், சிநேகிதிகளோடு பேசியவை இருக்கும், உடல்நலக் குறிப்புகள்கூட இருக்கும். அதை ஓர் ஆண் ஆசிரியரும் ஒரு கடைக்காரனும் சேர்ந்து திறந்து பார்ப்பது எந்த வகையிலும் முறையில்லை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்றுதான் சொல்கிறது.

லொக்கை எடுப்பதிலும் ஒரு கேடு உண்டு. பெரும்பாலான போன்களில் முழுதாக அழித்தால்தான் லொக் போகும். அழித்த பிறகு முன்பிருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அது பிள்ளைக்கும் ஞாபகம் இருக்காது. போனும் போச்சு, உள்ளே இருந்ததும் போச்சு. உண்மையில் ஒரு பிள்ளையை யாராவது மிரட்டியிருந்தால், அதற்கான ஆதாரமும் அதோடு போய்விடும். ஆகவே சந்தேகம் இருந்தால் திறக்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். நிற்பாட்டி உறையில் போட்டுத் தாயையோ தகப்பனையோ கூப்பிடுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று பட்டால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் இருக்கிறது. பிரிபெக்ட் (மாணவத் தலைவர்) பிள்ளைகளைக் கொண்டு போன் தேடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒத்த வயதுப் பிள்ளையின் கையில் அடுத்த பிள்ளையின் போன் போகக்கூடாது.

என் அக்காவின் பிள்ளைகள் பாரிஸில் படிக்கிறார்கள். பிரான்ஸில் 2018இல் சட்டம் போட்டே ஆரம்பப் பள்ளியிலும் அதற்கடுத்த நான்கு வகுப்புகளிலும் போன் பாவிப்பதைத் தடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சட்டத்திலேயே இன்னொன்றும் எழுதியிருக்கிறது: பறித்த போனை எப்படி வைத்திருப்பது, எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன் உள்விதிகளில் எழுதி வைக்க வேண்டும். பறிக்கும் உரிமையைக் கொடுத்த அதே இடத்தில் திருப்பிக் கொடுக்கும் கடமையையும் வைத்திருக்கிறார்கள். இங்கே முதலாவது மட்டும் நடக்கிறது.

நம் ஊரில் இப்படி ஒழுங்கு இருந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் ஆண்டு 9 படித்த காலம், யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குள் பற்றரிகூட வரத் தடை இருந்த நாட்கள். ஜேர்மனியிலிருந்த மாமா யாரிடமோ கொடுத்து அனுப்பிய கைக்கடிகாரம் ஒன்று என்னிடம் இருந்தது. மணிக்கொரு தரம் கீச்சென்று கத்தும். கணக்குப் பாடத்தில் கத்திவிட்டது. சேர் வந்து கழற்றச் சொன்னார். கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து அதைச் சுற்றி, மேலே என் பெயரையும் திகதியையும் "வெள்ளிக்கிழமை, தகப்பனிடம்" என்பதையும் எழுதி, எனக்குக் காட்டிவிட்டு லாச்சியில் வைத்தார். வெள்ளிக்கிழமை அப்பா வந்தார். நான் நன்றாக ஏச்சு வாங்கினேன். ஆனால் அந்த நான்கு நாளும் கடிகாரம் என்னாகுமோ என்ற பதற்றம் எனக்கு இருக்கவில்லை. அது அவர் கையில் பத்திரமாக இருக்கும் என்று தெரியும்.

அந்தச் சேர் செய்ததைத்தான் கேட்கிறேன். போனைப் பிள்ளையைக் கொண்டே நிற்பாட்டச் சொல்லுங்கள். துண்டு எழுதி ஒரு பிரதியைப் பிள்ளையிடம் கொடுங்கள். முதல்தரம் பிடிபட்டால் பள்ளிக்கூடம் விடும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாலை ரியூசன் முடிந்து 750 பஸ்ஸில் நெல்லியடிக்கோ பருத்தித்துறைக்கோ இருட்டில் போகும் பெண் பிள்ளைக்கு அந்தப் போன் தேவை. திரும்பவும் பிடிபட்டால் பெற்றோரைக் கூப்பிட்டு அவர்கள் கையில் கொடுங்கள், ஆனால் நாளைக் குறித்துச் சொல்லுங்கள். தவணைக் கணக்கில் வைத்திருப்பது வேண்டாம். வலயப் பணிமனைகள் இதை ஒரே மாதிரி எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் எழுத்தில் அனுப்பினால் ஆசிரியர்களுக்கும் பாதுகாப்பு. நாளைக்கு ஒரு பெற்றோர் வந்து "கண்ணாடியை உடைச்சது நீங்கள்தான்" என்று நின்றால், காட்ட உங்களிடம் ஒரு துண்டு இருக்கும்.

என்னால் முடிந்ததையும் சொல்கிறேன். எந்தப் பள்ளிக்கூடம் கேட்டாலும் கார்பன் தாளோடு ஐம்பது துண்டு கொண்ட புத்தகம் ஒன்றை என் செலவில் அடித்துத் தருகிறேன். அலுமாரியில் ஏற்கெனவே கிடக்கும் போன்களைப் பார்க்க ஒருநாள் நேரில் வருகிறேன், காசு வேண்டாம். வீங்கியவற்றை வேறாக எடுத்துவைத்து, மற்றவற்றுக்கு அரைவாசி சார்ஜ் ஏற்றி, நிற்பாட்டித் தருவேன். திரையைத் திறக்க மாட்டேன். யாருடையது என்று கண்டுபிடிப்பதை மட்டும் நீங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் செய்துகொள்ளுங்கள். அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் கூப்பிட்டால் நல்லது, வெக்கை கூடிக்கொண்டு வருகிறது.

இப்படிக்கு,
யாழ் நகரில் போன் திருத்தும் ஒரு தகப்பன்