தேவாங்கு இராக்குரங்கு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்குக் கொடிமலைக் காட்டின் இரவு உயிரினங்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால், தேவாங்கின் படத்துக்குக் கீழே ‘நம் நாட்டு இராக்குரங்கு’ என்று அச்சிட்டிருந்தது பிழை. தேவாங்கு குரங்கே அன்று. அது லெமூருக்கு நெருங்கிய உறவு. தண்ணீர்மலையில் நம் கையிலிருக்கும் பையைப் பறிக்கும் குரங்கும், தெலுக் பகாங் பக்கம் சாலையைக் கடக்கும் லோத்தோங் என்னும் நீள்வால் குரங்கும் பொழுது சாய்ந்தால் மரமேறி உறங்கிவிடுபவை. இரவில் நடமாடும் உண்மையான குரங்கு உலகில் ஒரே பேரினம்தான். அயோட்டஸ் எனப்படும் அந்த இராக்குரங்கு, பனாமா முதல் அர்ஜென்டினாவின் வடபகுதி வரையுள்ள காடுகளில் மட்டுமே வாழ்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று தாங்கள் கேட்கலாம். இரண்டும் இரவை வாழும் விதமே வேறு. இராக்குரங்கின் முன்னோர் பகலில் வாழ்ந்து, பின்னர் இரவுக்குத் திரும்பியவை என்பது ஆய்வாளர்களின் கருத்து. தேவாங்கின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் கண்ணாடி போன்ற படலம் உண்டு. இராக்குரங்குக்கு அது இல்லாததால், கண்ணே பெரிதாகி அந்தக் குறையை ஈடுகட்டியிருக்கிறது. நிறங்களைப் பிரித்தறியும் திறனையும் அது பெரும்பாலும் இழந்துவிட்டது. எனவே அதற்கு நிலவொளி தேவைப்படுகிறது. அர்ஜென்டினாவின் ஃபோர்மோசா மாநிலத்தில் 1996 முதல் ஆய்வாளர் எடுவார்தோ பெர்னாண்டஸ் டுகே குழுவினர் இவற்றைக் கவனித்து வருகின்றனர். கழுத்துப் பட்டையில் பொருத்திய கருவிகளைக் கொண்டு அவர்கள் கண்டறிந்து 2010-இல் வெளியிட்ட முடிவு வியப்பானது: பௌர்ணமியை ஒட்டி இரவெல்லாம் சுற்றும் குரங்குகள், அமாவாசையில் அடங்கியிருந்துவிட்டு மறுநாள் காலையில் கூடுதலாக நடமாடுகின்றன, சந்திர கிரகணம் பிடித்த நேரத்தில் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கின்றன. கிரகணத்தின்போது வெளியே போகாதே என்று பாட்டி சொன்னதை அங்கே ஒரு குரங்கு கடைப்பிடிக்கிறது!

அதன் குடும்ப வாழ்க்கையும் நம் குரங்குகளைப் போன்றதன்று. ஒரு சோடியும் அதன் குட்டிகளும் சேர்ந்ததே ஒரு கூட்டம். பிறந்து ஓரிரு வாரங்களிலேயே குட்டி தந்தையின் முதுகுக்கு மாறிவிடுகிறது. பால் குடிக்க மட்டும் தாயிடம் போய் உடனே திரும்பிவிடும்.

தேவாங்குக்கோ தாவவே தெரியாது. பாலேக் பூலாவில் என் மைத்துனரின் டுரியான் தோட்டத்தில், பழம் விழுவதற்காகக் காத்திருந்த ஓர் இரவில், சிவப்புக் காகிதம் சுற்றிய கைவிளக்கொளியில் ஒன்றைப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் மின்னிய இரண்டு கண்கள்தாம் முதலில் தெரிந்தன. பிறகு ஒரு கை மெல்ல நீண்டு அடுத்த கிளையைப் பற்றியது. அந்தப் பிடி உறுதியான பின்புதான் பின்னங்கால் பழைய கிளையை விட்டது. இலைகூட அசையவில்லை. மரப்பிசின், பூந்தேன், பூச்சி ஆகியவை அதன் உணவு. பேராக்கின் செகாரி மெலிந்தாங் காட்டில் பெர்த்தாம் பனையின் புளித்த தேனையும் அது நக்கிக் குடிப்பதாக 2008-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அந்தத் தேனில் மதுச்சாரம் 3.8 விழுக்காடு வரை இருந்ததாம். தோட்டப்புறத்துக் கள்ளுக்கடையை அறிந்த பெரியவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

என் கவலைக்குக் காரணம் அந்தப் படம்தான். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கியிருக்கும் தேவாங்கைக் ‘கொஞ்சச் சொல்லிக் கேட்கிறது’ என்று கட்டுரை வருணிக்கிறது. உண்மையில் அது அஞ்சி நிற்கும் நிலை. முழங்கைப் பக்கத்தில் சுரக்கும் நீரை உமிழ்நீரோடு சேர்த்து நஞ்சாக்கிக் கடிக்கவே அது கையை உயர்த்துகிறது. நச்சுக்கடி உடைய பாலூட்டிகள் உலகில் மிகச் சில. அவற்றுள் இதுவும் ஒன்று. அந்தக் கடி வீங்கும், புண் ஆற நாளாகும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு அஞ்சித்தான், திருட்டுத்தனமாக விற்பவர்கள் பல்லை வெட்டிவிடுகிறார்கள். அந்தப் புண் சீழ்பிடித்தே பல தேவாங்குகள் மடிகின்றன. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது தீபகற்ப மலேசியாவில் முற்றாகப் பாதுகாக்கப்பட்ட உயிரினம். வீட்டில் வைத்திருப்பதே குற்றம். ‘குரங்குக்குட்டி’ என்றும் ‘கொஞ்சும்’ என்றும் எழுதினால், வாங்க ஆசைப்படுவோர் கூடுவார்களே தவிரக் குறையமாட்டார்கள்.

ஆகவே, வரும் ஞாயிறு மலரில் அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் என் பேத்தி அந்தப் படத்தை வெட்டித் திரட்டேட்டில் ஒட்டி, கீழே ‘இராக்குரங்கு’ என்று எழுதிவிட்டாள். நான் திருத்தச் சொன்னதற்கு, “பேப்பர்லயே அப்படித்தான தாத்தா போட்டிருக்கு?” என்கிறாள். செவ்வாய்க்கிழமை அவள் ஏட்டை ஆசிரியையிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு