பாக்டீரியாவைத் தூவினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கச்சா எண்ணெய் கொட்டிய நிலத்தைப் பாக்டீரியாக்களே சுத்தப்படுத்திவிடும் என்பது பாதி உண்மைதான். சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் போன்ற மண் பாக்டீரியாக்கள் எண்ணெயிலுள்ள ஹைட்ரோகார்பன்களை, அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மங்களை, தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. ஆனால் எண்ணெயில் கார்பன் குவிந்து கிடக்கிறதே தவிர, தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மிகக் குறைவு. அவை இல்லாமல் எந்த உயிரும் பெருகாது. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோது, கரைகளில் உரம் தெளித்தார்கள். அங்கு ஏற்கெனவே வாழ்ந்த பாக்டீரியாக்களே பெருகி எண்ணெயைச் சிதைத்தன.

எண்ணெய் ஊறிய மண்ணில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உள்ளே இறங்காமல் மேலேயே உருண்டோடும். காற்றும் சரியாகப் புகாது. அதனால்தான் உழுது கிளறுவதும் ஈரம் காப்பதும் உரமிடுவதைப் போலவே முக்கியம். இந்த உழைப்பை விட்டுவிட்டு, புட்டியில் அடைத்த பாக்டீரியாவைத் தெளித்ததும் வேலை முடிந்ததாக அறிவிப்பது ஏமாற்று வேலை.

இலகுவான எண்ணெய்ப் பகுதிகள் தானாகவே ஆவியாகிவிடும். அந்தக் குறைவையும் பாக்டீரியாவின் சாதனையாகக் கணக்குக் காட்டி ஏமாற்ற முடியும். தார் போன்ற கனமான பகுதிகளோ ஆண்டுக்கணக்கில் கிடக்கும். எண்ணெயோடு மண்ணில் சேரும் நிக்கல் போன்ற கன உலோகங்களைப் பாக்டீரியாக்களால் அழிக்கவே முடியாது. எனவே தூய்மைப் பணியை ஏற்பவர்கள், எதுவும் செய்யாமல் விட்ட ஒரு துண்டு நிலத்தோடு ஒப்பிட்டு, மேல்மண்ணிலும் ஆழத்திலும் எடுத்த பரிசோதனை முடிவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதன் பிறகே அவர்களுக்குப் பணம் தர வேண்டும்.